ஆயிரங்காலில் எத்தனை கால்?

கேள்வி: ஆயிரங்கால் மண்டபம் என்கிறார்களே, தூணுக்கு எப்படிக் ‘கால்’ என்று பெயர் வந்தது? அத்தனை கால்கள் எதற்கு? எங்கள் ஊர் சிப்காட் ஷெட்டுகளில் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாதே!
– வாசகர் ஒருவர், கும்மிடிப்பூண்டி

பதில்: கல்யாண வீட்டில் முதல் வேலை பந்தக்கால் நடுவது. மூங்கிலோ சவுக்கோ, மண்ணில் ஊன்றி மேற்கூரையைச் சுமந்தால் அது கால்தான். பந்தல் கல்லாக மாறியபோதும் அந்தப் பெயர் போகவில்லை. நாலுகால், பதினாறுகால், நூற்றுக்கால் என்று காலை எண்ணியே மண்டபத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

உலகக் கட்டடக் கலையில் இத்தகைய கூடத்தை ‘ஹைப்போஸ்டைல்’ என்பார்கள். கிரேக்கச் சொல், ஹைப்போ என்றால் கீழே, ஸ்டைலோஸ் என்றால் தூண். எகிப்தின் கர்னாக் கோயிலில் 134 தூண்கள் நிற்கும் கூடம் இதற்குப் பேர்போன உதாரணம்.

நம் ‘ஆயிரம்’ கணக்கு சொல்வதற்காக வந்ததல்ல. எண்ணி மாளாது என்பதே பொருள். 1569-இல் அரியநாத முதலியார் கட்டிய மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள், ஸ்ரீரங்கத்தில் 953. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் 96. பெயருக்கு நாலு குறைவு என்றாலும், குதிரை வீரர்கள் பாயும் அந்தத் தூண்களுக்கு முன் நின்றவர் யாரும் குறை சொல்லமாட்டார்.

இத்தனை கால்கள் ஏன்? காரணம் கல்லின் குணம். கருங்கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் இழுவைக்கு இருப்பது சுமார் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு தூண்கள் மேல் கல் உத்திரத்தைக் கிடத்திப் பாரம் ஏற்றினால், அதன் மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் இழுபடும். விரிசல் அடிவயிற்றில்தான் முதலில் விழும். ஆகவே உத்திரத்தைக் குட்டையாக வைத்துத் தூண்களை நெருக்கி நட்டார்கள். அதுவும் போதாதென்று தூணின் தலையில் இருபுறமும் நீளும் போதிகையை வைத்து, இடைவெளியை இன்னும் சுருக்கினார்கள். விஜயநகரக் காலத்தில் இந்தப் போதிகையின் நுனி வாழைப்பூ மொட்டுபோலக் கீழே தொங்கத் தொடங்கியது. அண்ணாந்து பார்ப்பவர்கள் அதை அழகு வேலை என்று மட்டுமே நினைக்கிறார்கள். பாரத்தில் ஒரு பங்கை உத்திரத்துக்குக் கீழிருந்து ஏந்திக்கொள்வது அதே போதிகைதான். சிற்பியும் கணக்கறிந்தவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது!

இனி சிப்காட்டுக்கு வருவோம். இரும்பு அழுத்தத்தையும் தாங்கும், இழுவையையும் தாங்கும். அதனால் ஷெட்டின் இரு ஓரங்களில் மட்டும் தூண்களை நிறுத்தி, 20, 30 மீட்டர் அகலத்தைக்கூட நடுத்தூண் இல்லாமல் தாண்டிவிட முடிகிறது. கிரேன் ஓடவும் லாரி திரும்பவும் அந்த வெற்றிடம் வேண்டும்.

கேள்வி கேட்டவரின் ஊரிலேயே அந்த இரும்பு உருவாகிறது. கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்களில் செக்கச்செவேலென்று ஓடிவரும் கம்பியின்மேல் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். மேல்தோல் இறுகுகிறது, உள்ளே வளையும் தன்மை மிஞ்சுகிறது. திருவள்ளூரில் வீடு கட்டும் இடத்தில் கம்பி கட்டுபவரைக் கவனித்தால் தெரியும்: இரு பில்லர்களுக்கு நடுவே பீமின் அடிப்பக்கத்தில்தான் தடித்த கம்பிகளை வைக்கிறார். கல் உத்திரத்தில் விரிசல் விழுமே, அதே இடம்.