ஜிப்சம் பலகைச் சுவரில் ஓட்டை விழுந்தால்

வீட்டைக் கட்டுவது ஒரு தடவை. அதைப் பேணுவதோ வருடந்தோறும் செய்ய வேண்டிய கடமை. இதை நம் கிராம மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மண் சுவரில் எலி வளை தோண்டினால், களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து அடைத்துவிடுவார்கள். செங்கல் சுவரில் காரை பெயர்ந்தால், கொத்தனாரை அழைத்துப் பூசிக்கொள்வார்கள். ஆனால் அண்மைக் காலத்தில் சில கிராமங்களில் புதுவகைச் சுவர் ஒன்று புகுந்திருக்கின்றது. அதில் பழுது நேர்ந்தால் அதை நீக்கும் முறை இன்னும் பலருக்குப் பழக்கமாகவில்லை. அதுவே ஜிப்சம் பலகைச் சுவர்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலுள்ள கிராமங்களை எடுத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வேலைக்காக வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். வல்லம்–வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதி 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. எனினும் சுற்றுக் கிராமங்களில் வாடகை அறைகளில் வசிப்போர் ஏராளம். ஏர் பிடித்த குடும்பங்கள் சில, இன்று இந்த வாடகையையும் ஒரு வருமானமாகக் கொண்டிருக்கின்றன. மாடியில் உள்ள ஒரே கூடத்தை இரண்டு மூன்று அறைகளாகத் தடுக்க வேண்டுமானால், பளு குறைந்ததும் விரைவில் முடிவதுமான ஜிப்சம் பலகை வசதியாக இருக்கின்றது.

வசதியோடு ஒரு வழக்கும் வருகின்றது. அறையைக் காலி செய்யும் நாளில் சுவரில் கையகல ஓட்டை ஒன்று காணப்படுகின்றது. வீட்டுக்காரர் அதற்காக முன்பணத்தில் பெருந்தொகையைப் பிடித்துக்கொள்ள நினைக்கின்றார். குடியிருந்தவர் “அது என்னால் நேர்ந்தது அன்று” என்கின்றார். வழக்கு பஞ்சாயத்து அங்கத்தினரிடம் வருகின்றது. ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த முன்பணத்தில் இருக்கின்றது. ஆகவே, ஓட்டை எவ்வாறு விழுந்தது, அதை மூட உண்மையில் என்ன வேண்டும் என்ற இரண்டையும் அறிந்திருப்பது, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் தீர்ப்புச் சொல்வோருக்கும் நன்மையாகும்.

பலகையின் இயல்பு

ஜிப்சம் நம் விவசாயிகளுக்குப் புதிய பொருளன்று. நிலக்கடலைக்கு 40 முதல் 45 நாட்களில் ஹெக்டேருக்கு 400 கிலோ வீதம் இட்டு மண் அணைப்பதும், களர் நிலத்தைச் சீர்திருத்த இதைப் பயன்படுத்துவதும் யாவரும் அறிந்தவை. இப்பொருளைச் சுமார் 150 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால், தன்னுள் அடங்கிய நீரில் முக்கால் பங்கை இழந்து மாவாகின்றது. அந்த மாவில் மீண்டும் நீர் சேர்த்தால் சிறிது நேரத்தில் இறுகிக் கல்போல் ஆகின்றது. அவ்வாறு இறுகிய ஜிப்சத்தை இருபுறமும் கெட்டிக் காகிதத்துக்கிடையே அடக்கியதே பலகை. அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-ஆம் ஆண்டில் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் இதற்கு ஐ.எஸ். 2095 என்னும் தர அளவு உண்டு.

தடுப்புச் சுவருக்குப் பெரும்பாலும் அரை அங்குலக் கனமுள்ள பலகையே பயன்படுகின்றது. துத்தநாக முலாம் பூசிய தகட்டுச் சட்டங்களைச் சுமார் இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தி, இருபுறமும் பலகையைத் திருகாணியால் முடுக்குவார்கள். நடுவே இருப்பது வெற்றிடம். சட்டத்தின் மேல் இடிபட்டால் சுவர் தாங்கும். இரு சட்டங்களுக்கு நடுவே இடிபட்டால் பலகை உடையும்.

இப்பலகைக்கு ஒரு பெருங்குணமும் ஒரு பெருங்குறையும் உண்டு. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். தீப்பற்றும்போது அந்நீர் ஆவியாகி வெளியேறும் வரையில் நெருப்பு சுவரைக் கடந்து செல்வது தாமதப்படுகின்றது. இது குணம். ஓட்டை இருக்கும் இடத்தில் இக்காப்பு இல்லாமற் போகின்றது. குறையாவது, நீரில் ஊறினால் பலகை வலிவிழந்து மெத்தென்று ஆகிவிடும் என்பதே.

ஓட்டையைப் பார்த்துக் காரணம் அறிதல்

வைத்தியர் நோயை அறியாமல் மருந்து கொடுப்பதில்லை. அதுபோல, காரணத்தை அறியாமல் ஓட்டையை மூடினால் அது மறுபடியும் விழும்.

கதவின் கைப்பிடி உயரத்தில் வட்டமாகக் குழிந்திருந்தால், கதவு சுவரில் மோதியிருக்கின்றது. கதவுத் தடுப்பான் பொருத்தாதது வீட்டுக்காரரின் குறை. ஒரு சிறு ரப்பர்க் குமிழ் வைத்திருந்தால் பழுது நேர்ந்திராது.

மார்பளவு உயரத்துக்கு மேல் திருகாணித் துளைகள் கிழிந்து பெரிதாகியிருந்தால், சட்டம் இல்லாத இடத்தில் அலமாரியோ பரணோ மாட்டப்பட்டிருக்கின்றது. மாட்டியவரே இதற்குப் பொறுப்பு.

தரையையொட்டி ஓரங்கள் கடிபட்டிருந்தால் அது எலியின் வேலை. வெளிச்சுவரில் குழாய் நுழையும் இடத்தையும் சாக்கடை வழியையும் பார்த்து அடைக்க வேண்டும். எலி வந்த வழியே அதைத் தேடிப் பாம்பும் வரும்.

பலகை பழுப்பேறி, காகிதம் உப்பி, விரலால் அழுத்தினால் உள்ளே போனால், அது நீர்க்கசிவு. குளியலறைக் குழாயையோ மேல்தளத்தையோ சரிசெய்வதே முதல் வேலை. குடியிருப்பவர்மீது இதற்குப் பழி சொல்வது முறையன்று.

வேலை தொடங்குமுன்

முதலாவதாக, மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். சுவரின் வெற்றிடத்தில் மின்கம்பிகள் ஓடுகின்றன. சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் அவை இருத்தல் இயல்பு. அந்த நேர்க்கோட்டில் ரம்பத்தை ஆழமாக இறக்குவது உயிருக்கு ஆபத்து. சிறு துவாரமிட்டு, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்த பின்னரே அறுக்க வேண்டும்.

இரண்டாவதாக, அது ஜிப்சம்தானா என்று சோதிக்க வேண்டும். உடைந்த ஓரம் வெண்மையாகவும், நகத்தால் கீறினால் மாவாக உதிர்வதாகவும் இருந்தால் ஜிப்சம். சாம்பல் நிறமாகவும், கடினமாகவும், நார் தெரிவதாகவும் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் சிமிட்டித் தகடாக இருக்கக்கூடும். அதை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோயை விளைவிக்கும்.

மூன்றாவதாக, ஜிப்சம் தூசியே ஆயினும் மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ள வேண்டும்.

தேவையான கருவிகள் சிலவே: கூரிய கத்தி, கூர்முனைச் சிறு ரம்பம், திருப்புளி, மூலைமட்டம், ஆறங்குலமும் பத்தங்குலமும் அகலமுள்ள பட்டித் தகடுகள், மெல்லிய உப்புத்தாள். பொருள்கள்: பலகைத் துண்டு, ஒன்றே கால் அங்குலத் திருகாணிகள், வலைப்பட்டை, இணைப்புக்காரை. கடைகளில் ‘மெஷ் டேப்’ என்றும் ‘ஜாயின்டிங் காம்பவுண்டு’ என்றும் கேட்டால் கிடைக்கும்.

சிமிட்டிக் கலவையால் இவ்வோட்டைகளை அடைப்பது பெருந்தவறு. ஈரம் பட்டபோது சிமிட்டியும் ஜிப்சமும் கூடி உப்பும். அடைத்தது பெயர்ந்து விழும்.

சிறிய துளைகள்

ஆணித் துளைகளுக்கு அதிக முயற்சி வேண்டியதில்லை. துருத்தி நிற்கும் காகிதத்தைக் கத்தியால் சீவி, ஓரத்தைச் சற்று உட்புறமாக அழுத்தி, இணைப்புக்காரையை நிரப்ப வேண்டும். காய்ந்தால் சிறிது சுருங்கும். ஆகவே மறுமுறையும் தடவி, காய்ந்தபின் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

கையகல ஓட்டைகள்

கதவுக் கைப்பிடியால் நேரும் ஓட்டைக்குக் காகித விளிம்பு ஒட்டு ஏற்றது. அதைச் செய்யும் வகை வருமாறு:

1. ஓட்டையைச் சுற்றிச் சதுரமாகக் குறித்து அறுக்க வேண்டும். நான்கங்குலச் சதுரம் எனக் கொள்வோம்.

2. புதிய பலகையில் எட்டங்குலச் சதுரத் துண்டு ஒன்றை எடுக்க வேண்டும்.

3. அதன் பின்புறத்தில், நான்கு ஓரங்களிலிருந்தும் இரண்டங்குலம் உள்ளே கோடு கீறி, ஜிப்சத்தை மட்டும் ஒடித்து உரிக்க வேண்டும். முன்புறக் காகிதம் அறுபடக் கூடாது. இப்போது நடுவில் நான்கங்குலப் பலகையும், சுற்றிலும் இரண்டங்குலக் காகித விளிம்பும் இருக்கும்.

4. ஓட்டையைச் சுற்றிலும் இணைப்புக்காரையை மெல்லத் தடவி, துண்டைப் பொருத்தி, விளிம்பைத் தகட்டால் அழுத்தி நீவ வேண்டும். காற்று அடைபட்டால் பின்னர் கொப்புளம் எழும்.

பெரிய ஓட்டைகள்

கையகலத்துக்கு மிஞ்சிய ஓட்டைக்குப் பின்புறத்தில் தாங்கல் வேண்டும். ஓட்டையை நீண்ட சதுரமாக அறுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டையின் உயரத்தைவிட நான்கங்குலம் அதிக நீளமுள்ள இரு மரச் சட்டங்களை உள்ளே நுழைத்து, ஓட்டையின் இரு பக்க ஓரங்களிலும், பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் நிற்குமாறு செங்குத்தாகப் பிடித்து, பலகையின் வெளிப்புறத்திலிருந்து திருகாணியால் முடுக்க வேண்டும். அதே கனமுள்ள புதிய துண்டை அந்தச் சட்டங்களின்மீது அமர்த்தி முடுக்க வேண்டும். திருகாணியின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் மயிரிழை அளவு உள்ளே அமிழ்ந்தால் போதும். கிழித்துவிட்டால் பிடிப்புப் போய்விடும். கரையான் நடமாட்டமுள்ள வீடுகளில் மரத்துக்குப் பதிலாகத் தகட்டுச் சட்டத் துண்டுகளைப் பயன்படுத்துவது நலம்.

ஓட்டை ஒன்றரை அடிக்கு மேற்பட்டால், இருபுறச் சட்டங்களின் நடுக்கோடு வரையில் பழைய பலகையை அறுத்தெடுத்து, புதிய பலகையை அச்சட்டங்களிலேயே முடுக்குவது சிறந்தது.

மேற்பூச்சு

இணைப்புகளின்மீது வலைப்பட்டையை ஒட்டி, மூன்று முறை பூச வேண்டும். தூளாகக் கிடைக்கும் காரையைக் கலக்கும்போது, நீரில் தூளைத் தூவ வேண்டும். தூளில் நீரை ஊற்றக் கூடாது. வாளி சுத்தமாக இருத்தல் அவசியம். பழைய இறுகிய துணுக்குகள் கலந்தால் புதிய காரை விரைவில் இறுகிவிடும். இறுகத் தொடங்கிய காரையில் மீண்டும் நீர் ஊற்றிக் குழைப்பதால் பயனில்லை.

முதற் பூச்சு நான்கங்குல அகலம், இரண்டாவது எட்டங்குலம், மூன்றாவது பன்னிரண்டங்குலம். ஒவ்வொரு பூச்சும் முன்னதைவிட அகன்றும் மெலிந்தும் இருந்தால் மேடு தெரியாது. ஒன்று நன்றாகக் காய்ந்த பின்னரே அடுத்தது. சித்திரையில் ஒரு நாளில் காயும் பூச்சு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாட்களும் கேட்கலாம். கடைசியில் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, வண்ணம் பூச வேண்டும். பிரைமர் அடிக்காமல் பூசினால் ஒட்டுப்போட்ட இடம் தனியே மங்கித் தெரியும்.

நனைந்த சுவர்

2015 டிசம்பர் முதல் வாரத்துப் பெருமழையில், செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் பிற ஏரிகளின் நீரும் அடையாற்றில் சேர்ந்து பெருவெள்ளமானது நினைவிருக்கும். அத்தகைய காலத்தில் நீர் புகுந்த வீடுகளின் ஜிப்சம் பலகையை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயலுதல் வீண். நீர் நின்ற அடையாளத்துக்கு மேல் ஓரடி வரையில் அறுத்தெடுத்துவிட்டு, உள்ளே காற்றோட்டம் விட்டு, சட்டங்கள் உலர்ந்தபின் புதிய பலகை வைக்க வேண்டும். அப்போது பலகையின் அடி தரையைத் தொடாமல் அரை அங்குலம் இடைவெளி விடுவது நன்று. தரை கழுவும் நீரை அது உறிஞ்சாது. குளியலறையை ஒட்டிய சுவருக்கு ஈரத்தைத் தாங்கும் பச்சைநிறக் காகிதப் பலகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கழித்த துண்டுகளை ஏரிக்கரையிலோ குப்பைமேட்டிலோ கொட்டக் கூடாது. ஈரமான குப்பையோடு கலந்து காற்றின்றிக் கிடந்தால், அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு உண்டாகும். நிலக்கடலைக்கு இடும் பொருள்தானே என்று எண்ணி, வண்ணம் பூசிய துண்டுகளை வயலில் போடுவதும் கூடாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை

அறைக்குக் குடிவரும் நாளிலேயே வீட்டுக்காரரும் குடிவருபவரும் சேர்ந்து சுவர்களைப் பார்வையிட்டு, உள்ள பழுதுகளை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கிராமத்தில் ஏற்படுத்தலாம். வந்தவருக்குத் தமிழ் தெரியாவிடின், மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு படித்துக் காட்டச் செய்யலாம். வழக்கு வரும்போது நேரில் சென்று ஓட்டையைப் பார்த்துக் காரணம் அறிந்து, பலகைத் துண்டின் விலையையும் வேலையாளின் கூலியையும் கணக்கிட்டு, அவ்வளவே பிடிக்கச் சொல்வது நியாயம். கையகல ஓட்டைக்கு ஒரு முழுச் சுவரின் விலையை எவரும் கேட்க முடியாது.

ஊரில் வேலை தேடும் இளைஞர் ஓரிருவர் இத்தொழிலைக் கற்றுக்கொண்டால், வீடுகளுக்கு மட்டுமன்றி, இத்தகைய தடுப்புகள் உள்ள அலுவலகங்களுக்கும் அவர்கள் பயன்படுவார்கள். கற்றுக்கொள்ள ஒரு பழைய பலகையும் சில நாள் பழக்கமும் போதும்.

மண் சுவரைப் பேணத் தெரிந்த கைகளுக்குப் பலகைச் சுவரைப் பேணுவது அரிதன்று. ஓட்டை சிறிதாக இருக்கும்போதே அதன் காரணத்தைக் கண்டு நீக்கி, உடனே அடைத்துவிட்டால், வீடும் நிலைக்கும். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையேயுள்ள நல்லெண்ணமும் நிலைக்கும்.