அத்தோ கடையில் நான்கு கோட்பாடுகள்

சென்னை வியாசர்பாடியில் ஒரு பிள்ளை முதுகலை அரசியல் அறிவியலில் சேர்ந்து, சர்வதேச உறவுகள் என்று ஒரு தாள் இருக்கிறது என்று வீட்டில் சொன்னால், "அதெல்லாம் தூதரகத்துக்குப் போறவங்க படிக்கிறது, நமக்கு எதுக்குப்பா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் பேட்டையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. சாயங்காலம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைப் பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப்பும் ஊற்றித் தருகிற கடை எப்படி வந்ததாம்? 1962 மார்ச்சில் பர்மாவின் ரங்கூனில் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வியாபாரமும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் குடியமர்ந்த இடம்தான் வியாசர்பாடி.

வீட்டுக்காரர்களின் சந்தேகத்தைவிட மாணவர்களிடம் இருக்கும் ஒரு நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. இந்தத் தாளில் வரும் கோட்பாடுகள் கட்சிகளைப் போல, ஒன்றில் சேர்ந்துவிட்டால் மற்றவை பொய் என்று நினைக்கிறார்கள். "நீ ரியலிஸ்டா, லிபரலா?" என்பது கேன்டீன் கேள்வி.

அந்த 1964-ஐயே எடுத்துக்கொள்வோம். டெல்லி ஏன் ரங்கூனிடம் குரலை உயர்த்தவில்லை என்று யதார்த்தவாதி (ரியலிஸ்ட்) கேட்பார். 1962-இல் சீனாவிடம் அடிபட்ட நாடு, பர்மாவைப் பெய்ஜிங் பக்கம் தள்ளிவிட விரும்புமா என்பது அவர் வாதம். புலம்பெயர்ந்தவரின் சொத்தைக் காக்க என்ன உடன்படிக்கை இருந்தது, எந்த மன்றம் இருந்தது என்று தாராளவாதி (லிபரல்) தேடுவார். மார்க்சியர் முப்பது ஆண்டு பின்னே போவார். 1930-களின் பெருமந்தத்தில் கடன்கள் மூழ்க, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார் லேவாதேவிக் கடைகளின் கைக்குப் போயிருந்தது. அந்தக் கோபம், வட்டி வாங்கியவரையும் மூட்டை தூக்கியவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. நான்காவது ஆள், 1992-இல் அலெக்சாண்டர் வெண்ட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பெயர்பெற்ற, அடையாளங்கள் சமூகத்தில் உருவாக்கப்படுபவை என்னும் கன்ஸ்ட்ரக்டிவிஸ்ட். வந்தவர்களுக்கு இட்ட பெயரைத்தான் அவர் பிடிப்பார். அரசுக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்', தெருவில் 'பர்மா அகதி'. ரங்கூனில் பிறந்தவருக்குத் தாயகம் எது? அதை யார் முடிவு செய்தார்கள்?

என்னைக் கேட்டால், இந்த வழக்கில் கடைசி இருவர் சொல்வதில்தான் சாரம் அதிகம். ஆனால் டெல்லியின் மௌனத்துக்கு முதல் ஆளிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

தமிழ்ச் சிறுகதை படித்துவிட்டு வருபவர்களை 'யதார்த்தவாதம்' என்ற சொல்லே ஏமாற்றும். வாழ்க்கையை உள்ளபடி காட்டுவது அல்ல அது. நாடுகளுக்கு மேலே காவல் நிலையம் இல்லை என்பதிலிருந்து தொடங்கும் ஒரு வாதம். யதார்த்தவாதி போர் வெறியர் என்பதும் தவறு. யதார்த்தவாத அறிஞர் ஹான்ஸ் மார்கெந்தா வியட்நாம் போரை எதிர்த்தார். ஈராக் மீது படையெடுப்பது அமெரிக்க நலனுக்கே உகந்ததல்ல என்று 2002 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்த 33 அறிஞர்களில் கென்னத் வால்ட்ஸ், ஜான் மெர்ஷைமர் போன்ற யதார்த்தவாதிகளும் இருந்தார்கள்.

எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்பது பாதி உண்மை. இத்துறையின் முதல் பேராசிரியர் பதவி 1919-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் உருவானது. ஆனால் பக்கத்து அரசன் பகை, அவனுக்கு அப்பால் இருப்பவன் நட்பு என்ற மண்டலக் கணக்கு அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. சாமசாஸ்திரி அந்த நூலை 1909-இல் மைசூரில் அச்சிட்டார். குறளில் தூதுக்கு ஓர் அதிகாரம், பகைத்திறம் தெரிதலுக்கு ஓர் அதிகாரம். அதற்காக 'எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று மார்தட்டவும் கூடாது. அந்த நூல்கள் பேசுவது அரசனிடம். தேர்தலும் கடவுச்சீட்டும் உள்ள நாட்டிடம் அல்ல.

பயிற்சிக்கு இன்னொரு வழக்கு வேண்டுமென்றால் அதே ஆண்டிலேயே இருக்கிறது. 1964 அக்டோபர் 30, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பிரதமர்கள் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.