கிளினிக் வாசலில் என்ன பயம்?

கேள்வி: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். கோலாலம்பூரில் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு. நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. "கல்யாணத்துக்கு முன்னால பெண் டாக்டர்கிட்ட போனா லயத்துல என்ன பேசுவாங்க?" என்கிறார் அம்மா. என்ன செய்வது? – பெயர் வேண்டாம், ரிங்லெட்

பதில்: லயத்தில் சுவருக்கும் காது உண்டு, அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் மூன்று மாதம் தாண்டினாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். விடுதியில் இரவு மேகியும் விடிய விடிய அசைன்மெண்டும் மட்டுமே காரணம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, திடீர் எடை மாற்றம், மன அழுத்தம், எதுவாகவும் இருக்கலாம். தோழி தரும் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

கிளினிக்கில் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். எல்லாருக்கும் செய்யும் வழக்கம் அது, உங்கள் மீதான சந்தேகமல்ல. பிறகு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன். அம்மா அஞ்சுவது உள்பரிசோதனைக்கு என்றால், அது வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனி ஊர்ப் பேச்சுக்கு வருவோம். மலேசியாவில் 2010 முதல் 13 வயதுப் பள்ளி மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். அதுவும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிதானே! அம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள், ஊர் ஒன்றும் பேசவில்லை. இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

உங்களுக்கு 18 வயது தாண்டிவிட்டது. சிகிச்சைக்கு உங்கள் சம்மதமே போதும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். கடைசி மாதவிடாய்த் தேதியை எழுதிக்கொண்டு இந்த வாரமே போய்விடுங்கள்.