வாப்பாவின் உழைப்பும் ஆங்கில மரபுத்தொடர்களும்

சென்ற தவணைப் பரீட்சையில் 'என் தந்தை' என்ற தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதினேன். வாப்பா கடுமையாக உழைக்கிறார் என்று சொல்ல நினைத்து, 'மை ஃபாதர் ஹார்ட்லி வேர்க்ஸ்' என்று எழுதிவிட்டேன். டீச்சர் அதன் கீழே சிவப்புக் கோடிட்டு, "உங்கட வாப்பா வேலைக்குப் போறதே இல்லையா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கோ அழுகை வந்தது. விடியுமுன் எழுந்து கரைவலை இழுக்கப் போகிறவர் என் வாப்பா.

'ஹார்ட்' என்றால் கடினமாக. 'ஹார்ட்லி' என்றால் 'அநேகமாக இல்லை'. 'ஹி வேர்க்ஸ் ஹார்ட்' என்பதே சரி. ஒரு 'லி' சேர்ந்ததால் உழைப்பாளியைச் சோம்பேறி ஆக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து உழைப்பையும் கஷ்டத்தையும் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களைத் தேடிப் படித்தேன். அவற்றுள் பல கடலோடு தொடர்புடையவை. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இயங்கிய திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே வாழும் நமக்கு, அவை விளங்காதவை அல்ல.

'லேர்ன் த ரோப்ஸ்': கயிறுகளைக் கற்றல். பாய்க்கப்பலில் பாய்களை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் வெவ்வேறு கயிறுகள் உண்டு. எந்தக் கயிறு எதற்கென்று புதிய மாலுமி அறிய வேண்டும். இன்று இதன் பொருள், ஒரு தொழிலின் நுட்பங்களைப் பழகுதல்.

'ஓல் ஹேண்ட்ஸ் ஒன் டெக்': இங்கே 'ஹேண்ட்' என்பது கை அல்ல, மாலுமி. அவசர வேளையில் எல்லோரையும் மேல்தளத்துக்கு அழைக்கும் கட்டளை இது. இன்று, அனைவரும் சேர்ந்து உழைக்க வேண்டிய நேரத்தைக் குறிக்கும்.

'புல் யுவர் வெயிட்': துடுப்புப் படகிலிருந்து வந்தது. தன் பங்கு வேலையைக் குறைவின்றிச் செய்தல். கரைவலையிலும் அப்படித்தான். இரு பக்கக் கயிறுகளையும் இரு குழுவினர் இழுப்பர். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தோளில் பாரம் கூடும்.

'இன் டீப் வோட்டர்': ஆழமான நீரில் அகப்படுதல், அதாவது பெரும் சிக்கல். நமது துறைமுகத்துக்கு ஆழமே பெருமை. பெரிய கப்பல்கள் வருவது அதனால்தான். ஆனால் இத்தொடர் கப்பலின் பார்வையில் அமைந்ததல்ல, நீரில் தத்தளிக்கும் மனிதனின் பார்வையில் அமைந்தது.

'கீப் யுவர் ஹெட் அபவ் வோட்டர்': தலை மூழ்காமல் பார்த்துக்கொள்ளல். வருமானம் குறைந்த மாதத்தில் கடனில் மூழ்காமல் குடும்பத்தைக் கொண்டு செல்வதற்கு இது பொருந்தும்.

கட்டுரையைத் திருத்தி எழுதி, வாப்பாவுக்குத் தமிழில் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்களும் கயிறுதான் இழுத்திருக்காங்களா மகள்?" என்றார்.

தோழியரே, மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காதீர்கள். அதன் பின்னால் யார், என்ன வேலை செய்தார்கள் என்று தேடுங்கள். பொருள் மனதில் நிற்கும். 'ஹார்ட்' என்ற சொல்லோடு மட்டும் 'லி' சேர்த்துவிடாதீர்கள்!