பறக்கும் முன் எடை போடு!



மளிகைக் கடைக்காரனுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் அக்காள் மகனின் விமானம் கண்ணெதிரே விழும் வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் பொறியியல் மாணவன். தரையில் நின்று ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானம் ஒன்றை எங்கள் வீட்டு மாடியில் ஆறு மாதமாகக் கட்டினான். இறக்கை ஒன்றரை மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம். வரைபடத்தில் குறித்திருந்த மொத்த எடை 2 கிலோ 250 கிராம்.

கோடையில் வறண்டு கிடந்த ஏரிக்கு ஒரு ஞாயிறு காலை எடுத்துச் சென்றோம். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பிவிட்டுத்தான் எஞ்சினை முடுக்கினான். விமானம் வெகுதூரம் ஓடியபின் அரைமனதாக எழும்பியது. பனைமர உயரம் போனதும் திருப்பினான். கீழே இறங்குவதுபோல் தெரிந்தது. பதறி மூக்கை மேலே தூக்கினான். உடனே ஒரு பக்க இறக்கை சரிந்தது. சுழன்று வந்து தரையில் மோதியது. முதல் பறப்பு, அரை நிமிடம்கூட இல்லை.

எடை எங்கிருந்து வந்தது?

உடைந்ததைச் சாக்கில் கட்டிக் கடைக்குக் கொண்டு வந்தோம். தராசில் வைத்தேன். 3 கிலோ 150 கிராம்! 900 கிராம் கூடுதல். இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். எடை குறைந்த பால்சா மரத்துக்குப் பதில், உறுதிக்காகப் பல இடங்களில் பிளைவுட்: 240 கிராம். தாராளமாகப் பூசிய பசை: 130. பெரிய சக்கரங்கள்: 110. பெரிய பேட்டரி: 150. இரண்டாம் பூச்சு வர்ணம்: 90. பசையும் வர்ணமும் ஏறி வால் கனத்ததால், சமன் செய்ய மூக்கில் வைத்த ஈயம்: 180.

கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். சமன்புள்ளியிலிருந்து வால் தூரம், மூக்கு கிட்டம். வாலில் கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் வைக்க வேண்டியிருந்தது. ஒரு பிழையைச் சரிக்கட்ட மூன்று மடங்கு பாரம்.

"ஒவ்வொன்றும் கொஞ்சம்தானே மாமா" என்றான். உண்மைதான். மொத்தத்தை யாரும் கூட்டவில்லை. தராசு இருக்கும் வீட்டில், பறக்கும் முன் ஒருமுறை நிறுத்துப் பார்க்கவில்லை.

பறப்பின் கணக்கு

இறக்கையின் அளவு மாறாமல் எடை மட்டும் கூடினால், விழாமல் இருக்கத் தேவையான வேகமும் கூடும். மணிக்குச் சுமார் 29 கி.மீ. வேகத்தில் தாக்குப்பிடித்திருக்க வேண்டிய விமானத்துக்கு இப்போது 35 கி.மீ. வேண்டும். திரும்பும்போது அதைவிடவும் கூடுதல். வேகம் போதாதபோது மூக்கைத் தூக்கினால், இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துவிடும். தாங்கும் சக்தி போய்விடும். அந்த நேரத்தில் மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடிப்பதே வழி. ஆனால் பயம் மேலே தூக்கச் சொல்கிறது.

பாரம் ஏற்றியதும் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். இத்தாலியின் புகழ்பெற்ற விமான வடிவமைப்பாளர் ஜான்னி காப்ரோனி, 100 பயணிகளுக்காக 9 இறக்கைகளும் 8 எஞ்சின்களும் கொண்ட விமானம் ஒன்றைக் கட்டினார். 1921 மார்ச்சில், சுமார் 60 பேர் எடைக்கு ஈடான பாரத்துடன் மஜோரே ஏரியிலிருந்து அதைக் கிளப்பிப் பார்த்தார்கள். சற்றே உயர்ந்து, ஏரியிலேயே விழுந்து உடைந்தது.

நம் கடைக்கு வருவோம்

அப்போது நான் இரண்டாவது கடை திறக்கும் ஏற்பாட்டில் இருந்தேன். முன்பணம் பேசியாகிவிட்டது. அன்றிரவு காகிதம் எடுத்து அந்தக் கடையை எடை போட்டேன். தினம் ரூ.15,000 விற்பனை, நூற்றுக்குப் பத்து லாபம் என்றால் மாதம் ரூ.45,000. இது இறக்கை. இனி எடை: வாடகை 12,000, இரண்டு ஆட்கள் 24,000, ஐந்து லட்சம் கடனுக்கு ஒன்றரை வட்டி 7,500, மின்சாரம் 4,000, வண்டிக்கூலி, சேதாரம் 3,500. கூட்டினால் ரூ.51,000! மாதம் ஆறாயிரம் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அடைக்க இன்னொரு கடன் வாங்கினால், அதுதான் மூக்கில் வைக்கும் ஈயம்.

கடனை இரண்டு லட்சமாகக் குறைத்தேன். இரண்டு ஆட்களுக்குப் பதில் ஒருவர். காலையில் நானே நின்றேன். செலவு ரூ.34,500க்கு இறங்கியது. தினம் ரூ.11,500 விற்றால் கையைக் கடிக்காது. அலமாரிகள் பாதி காலியாகத்தான் திறந்தோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கடை இன்றும் நடக்கிறது.

புதுக்கடையோ, புதுச்சரக்கோ, புதுவண்டியோ தொடங்கும் உறுப்பினர்கள் ஒரு தாளில் மூன்று கணக்கு எழுதிப் பாருங்கள்:

1. மாதா மாதம் தவறாமல் வரும் செலவுகள் எவை? சிறியதையும் விடாமல் கூட்டுங்கள்.

2. அதைத் தாங்கத் தினசரி விற்பனை எவ்வளவு வேண்டும்?

3. விற்பனை குறைந்தால் முதலில் எதை இறக்குவீர்கள்? இதைத் திறப்பு விழாவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

மருமகன் மறுபடி கட்டினான். இம்முறை ஒவ்வொரு பாகத்தையும் கடைத் தராசில் நிறுத்த பிறகே ஒட்டினான். மொத்தம் 2 கிலோ 300 கிராம். அதே ஏரியில் பத்து நிமிடம் பறந்து, பத்திரமாக இறங்கியது.