இருபத்தெட்டுப் பல்லும் முப்பத்தொரு பல்லும்

எங்கள் வீட்டுக் கராஜில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீள இரும்புத் துண்டு கிடக்கிறது. வருகிறவர்கள் ஏதோ பழைய தண்ணீர்ப் பம்பின் பாகம் என்று நினைப்பார்கள். அது 1990ஆம் ஆண்டு மஸ்டாங் ஒன்றின் இடது பின் அக்ஸில். அதாவது, அதில் மிஞ்சியது. நுனியில் நேர்கோடாக ஓட வேண்டிய பல்வரிகள் அம்மா சுடுகிற முறுக்குப் போலத் திருகிப்போயிருக்கின்றன. டோர்க்குக்கு முறுக்கு விசை என்று தமிழில் பெயர் வைத்தவர் இப்படி ஒரு துண்டைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பார். கூட்டிப் பார்த்தால் அந்தத் துண்டு எனக்கு 4,700 டொலருக்கு வந்தது.

கார் வாங்கிய கதை, எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் போட்ட கதையெல்லாம் இங்கே வேண்டாம். அதையெல்லாம் யாரும் செய்யலாம், காசு இருந்தால் போதும். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது 225 குதிரைசக்தி, 407 நியூட்டன் மீற்றர் முறுக்கு. நான் கைவைத்து முடித்தபோது சில்லில் அளந்தே 390 குதிரைசக்தி, 550 நியூட்டன் மீற்றர். பழைய கியர்பெட்டி தாங்காது என்று அதையும் மாற்றியாயிற்று. மிச்சம் இருந்தது பின்னால் உருண்டையாகத் தொங்கும் அந்த டிஃப் (டிஃபெரன்ஷியல்) மட்டும்தான்.

ஃபோர்ட் 1986 முதல் வி‑8 மஸ்டாங்குகளுக்கு 8.8 அங்குல டிஃப் போட்டது. 8.8 என்பது அதற்குள் சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம். அதற்கு முன்பு 7.5 அங்குலம், உங்களிடம் அது இருந்தால் அதில் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள், கழற்றி வையுங்கள். 8.8 நல்ல சாமான். அதன் பலவீனம் கிரவுனிலோ அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனிலோ இல்லை. அக்ஸிலில் இருக்கிறது. என் காரில் தொழிற்சாலை போட்ட அக்ஸிலின் உள்நுனியில் 28 பல்வரிகள். அந்த நுனியைப் பிடித்து வைத்திருப்பது குதிரை லாடம் போன்ற ஒரு சின்ன இரும்புக் கிளிப். அக்ஸில் எந்த இடத்தில் முறிந்தாலும், சில்லோடு சேர்ந்து வெளியே வழுக்கி வரும். தடுக்க வேறொன்றும் இல்லை. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

டிஃபின் நடுப்பாகத்தை மாற்ற முடிவெடுத்தபோது எனக்கு முன்னால் நாலு வழி. பழைய கிளட்ச் தட்டு வகையையே புதுத் தட்டுப் போட்டு ஓட்டலாம். மலிவு, ஆனால் தட்டுத் தேயும், கொஞ்ச நாளில் பழையபடி ஒற்றைச் சில்லுத்தான் சுற்றும். ஸ்பூல் போடலாம், இரண்டு சில்லும் ஒரே கட்டையாகச் சுற்றும். என் கூட்டாளி ஒருவன் போட்டான். தமிழ்க் கடைத் தரிப்பிடத்தில் காரைத் திருப்பும்போது பின் ரயர் இரண்டும் கத்துகிற கத்தலில் மரக்கறி வாங்க வந்த சனம் திரும்பிப் பார்க்கும். லொக்கர் போடலாம்; நேரே போகும்போது பூட்டும், வளைவில் கழன்று கழன்று பூட்டும், அந்த ‘டங்’ சத்தத்துக்கு மனைவி பழக வேண்டும். கடைசியாக, கிளட்சே இல்லாமல் திருகுப் பல்சக்கரங்களால் வேலை செய்கிற ட்ரூட்ராக். சத்தமில்லை, தேயத் தட்டு இல்லை. ஒரு சில்லு முழுக்க ஆகாயத்தில் தூக்கினால் மட்டும் கொஞ்சம் கையாலாகாது. வீதியில் ஓடும் காருக்கு அதுதான் சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இதில் என்னோடு வாதாட வருகிறவர்கள் முதலில் ஸ்பூல் போட்ட காரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வரட்டும்.

பிழை அங்கே இல்லை. ட்ரூட்ராக் இரண்டு விதமாக வரும்: 28 பல்வரி அக்ஸிலுக்கு ஒன்று, 31 பல்வரி அக்ஸிலுக்கு ஒன்று. விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 31 எடுத்தால் அக்ஸில் இரண்டும் புதிதாக வாங்க வேண்டும். 28 எடுத்தால் இருக்கிற அக்ஸிலே போதும். சாமான் விற்ற கடைக்காரர் கணக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வீதியில ஓடுற கார்தானே அண்ணை, 400 குதிரைக்கு 28 காணும்” என்றார். நான் கேட்க விரும்பிய சொல்லே அதுதான். அக்ஸில் காசு 550 டொலர் மிச்சம் என்று வீட்டுக்கு வந்தேன்.

மாமா அன்றைக்கே சொன்னார். அவர் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பழைய ஒஸ்ரின் கேம்பிரிஜ் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. மஸ்டாங்கை அவர் ஒருபோதும் கார் என்று ஒப்புக்கொண்டதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, எத்தனை குதிரை எண்டு கேக்காத. என்ன ரயர் போடப் போறாய் எண்டு சொல்லு” என்றார். நான் சிரித்தேன்.

அவர் கேட்டதன் அர்த்தத்தை எனக்குக் காட்டியது கணக்கு, அதுவும் உடைந்த பிறகு. முதல் கியர் 2.87, நான் போட்ட பின் கியர் 4.10. பெருக்கினால் 11.8. எஞ்சினின் 550 நியூட்டன் மீற்றர் அக்ஸிலுக்கு வரும்போது ஏறக்குறைய 6,500. ஆனால் அந்த 6,500 அக்ஸிலுக்கு ஏறுவது ரயர் தரையைப் பிடித்தால்தான். சாதாரண ரயர் 2,500 சொச்சத்திலேயே வழுக்கிவிடும். வழுக்கினால் புகை வரும், பார்க்கிறவன் கைதட்டுவான், அக்ஸில் பிழைக்கும். மூன்று மாதம் என் கார் அப்படித்தான் ஓடியது. கடைக்காரர் சொன்னது சரியென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு டிராக் ரேடியல் ரயர் இரண்டு வாங்கினேன். சூடேற்றினால் பசைபோல ஒட்டும் ரயர் அது. அக்ஸிலில் ஏறும் சுமை ஒரே நாளில் ஏறக்குறைய இரட்டித்தது. அதற்குமேல், சறுக்கலை மட்டுப்படுத்தும் டிஃப் எந்தச் சில்லுக்குப் பிடி இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குக் கூடத் தள்ளும். தட்டுத் தேய்ந்து திறந்த டிஃப் போலாகிவிட்ட பழையதில் பாதிப் பாதி சுமந்த அக்ஸில், இப்போது சில கணங்களுக்குப் பெரும்பங்கைத் தனியே சுமக்கிறது. நல்ல டிஃப் வாங்கியதாலேயே மட்டமான அக்ஸிலுக்கு நான் கூடுதல் சுமை ஏற்றியிருந்தேன்.

கயூகாவில் உள்ள கால் மைல் ஓடுபாதைக்குப் போனது ஒரு சனிக்கிழமை. (வீதியில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு: ஒன்ராறியோவில் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 14 நாள் கார் போகும், 30 நாள் லைசென்ஸ் போகும்.) முதல் ஓட்டம் அருமை. இரண்டாவதில் கிளட்சை விட்டேன், கார் முன்னால் எழும்பியது, பிறகு கோடாலியால் மரத்தில் போட்டதுபோல ஒரு சத்தம். எஞ்சின் ஓலமிட்டது, கார் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் இடது பின்சில்லு பிரேக் டிரம்மோடு சேர்ந்து மட்காட்டை முட்டிக்கொண்டு வெளியே நிற்கிறது. இருபது அடிகூடப் போகாததால் தப்பினேன். அதே சங்கதி 401 நெடுஞ்சாலையில் 110 கிலோமீற்றர் வேகத்தில் நடந்திருந்தால் என்று அன்றிரவு யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். 10.99 விநாடியோ அதைவிட வேகமாகவோ ஓடும் காருக்கு டிராக் பந்தய விதி, தொழிற்சாலை அல்லாத அக்ஸிலும் அதை வெளிநுனியில் பிடித்து வைக்கும் அமைப்பும் கட்டாயம் என்கிறது. என் கார் அவ்வளவு வேகம் இல்லை, ஆகவே எனக்கு அது தேவையில்லை என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

இனித்தான் 4,700 டொலர் கணக்கு. முறிந்தது 28 பல்வரி அக்ஸில். இனி 31 வேண்டும். ஆனால் நான் வாங்கிய டிஃபுக்குள் 31 நுழையாது. அக்ஸில் மட்டும் வாங்கினால் போதாது, ஆயிரம் டொலர் டிஃபையும் மறுபடி வாங்க வேண்டும். டிஃப் மாற்றினால் கிரவுன்–பினியன் முழுக்கக் கழற்ற வேண்டும். கழற்றினால் பேரிங், ஷிம் தகடு, கூலி எல்லாம் இரண்டாம் தரம். 550 டொலர் மிச்சம் பிடித்தவன் ஒரே வேலைக்கு இரண்டு முறை அழுதேன். உங்கள் காரில் இன்றைக்கு 300 குதிரையே இருந்தாலும் 31 எடுங்கள். நாளைக்கு ரயர் மாற்ற மாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறவர்களை நான் நம்புவதில்லை, நானும் பண்ணினேன்.

முதல் தரம் கியர் ஏற்றித் தந்த கராஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப் போவதில்லை. 80இல் காலை எடுத்தால் பின்னால் ஒரு ஊளை. “புதுக் கியர் அண்ணை, ஓட ஓட அடங்கும்” என்றார்கள். அடங்காது. சரியாகப் பொருத்திய கியர் முதல் நாளே அமைதியாக இருக்கும். ஊளையிடுவது ஓட ஓட மோசமாகும். மாமா பின்சீட்டில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். “மிதிக்கேக்க சத்தமில்லை, விடேக்கதான் கத்துது. பினியன் ஆழம் பிழை.” அக்ஸில் முறிந்து எல்லாம் திறந்தபோது மஞ்சள் பசை பூசிச் சுற்றிப் பார்த்தோம். பல்லின் நடுவில் விழ வேண்டிய தடம் நுனியோரமாக விழுந்திருந்தது. பினியனுக்குப் பின்னால் தடித்த ஷிம் போட்டு உள்ளே தள்ளியிருக்க வேண்டும். பழைய ஷிம்மையே போட்டு, தடம் பார்க்காமலே மூடியிருக்கிறார்கள். இது போதாதென்று கிளட்ச் வகைக்கு ஊற்றுகிற வழுக்கல் மருந்தைப் பழக்கதோஷத்தில் என் ட்ரூட்ராக்குக்கும் ஊற்றியிருந்தார்கள். அதற்கு மருந்து கூடாது. சாதாரண மினரல் கியர் எண்ணெய் போதும்.

ஆகவே, யாரிடம் கொடுத்தாலும் மூடுவதற்கு முன் பசைத் தடத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பற்களுக்கு இடையிலான ஆட்டம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கும் குழாய் அளவுக்கு மிஞ்சி நசுங்கினால், நட்டைக் கொஞ்சம் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது, புதுக் குழாய்தான். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற கராஜில் இருந்து காரைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

இரண்டாம் தரம் செய்தது: 31 பல்வரி ட்ரூட்ராக், கலப்பு உருக்கு அக்ஸில் இரண்டு. வார்ப்பு நடுப்பாகத்துக்குள் சொருகி ஒருசில புள்ளிகளில் மட்டும் ஒட்டியிருக்கும் இரண்டு பக்கக் குழாய்களையும் சுற்றிவர வெல்டிங் செய்தோம். பலமாகக் கிளம்பும்போது அவை திரும்பிவிடுவதுண்டு. கிளிப்பை ஒழிக்க இரண்டு வழி. மலிவான மாற்றுச் சாமானை அக்ஸில் முனையில் பூட்டலாம், ஆனால் வீதியில் ஓடும் காரில் அது எண்ணெய் கசியும் என்று அனுபவப்பட்ட இரண்டு பேர் சொன்னார்கள். நான் குழாய் முனைகளை வெட்டி, ஒன்பது அங்குல ஃபோர்டின் பெரிய பேரிங் முனைகளை ஒட்டினேன். அக்ஸிலை இப்போது வெளியே நாலு போல்ட் பிடித்திருக்கிறது.

“அப்ப முழு ஒன்பது அங்குலத்தையே வாங்கியிருக்கலாமே?” என்று அத்தான் ஒவ்வொரு விருந்திலும் கேட்கிறார். வாங்கியிருக்கலாம். அதன் கியர் தொகுதி முன்பக்கமாகக் கழன்று கைக்கு வரும், மேசையில் வைத்துப் பொருத்தலாம், பினியன் மூக்குக்கு மூன்றாவது பேரிங் உண்டு, உடைப்பது கடினம். ஆனால் பினியன் தாழ இருப்பதால் பற்கள் உரசிக்கொண்டு ஓடும், எஞ்சின் தருவதில் கொஞ்சம் சூடாகவே போய்விடும். என் 390 குதிரைக்கு 8.8 போதும். அத்தானின் கார் மின்சாரக் கார், அவர் பேசாமல் சோற்றைச் சாப்பிடலாம்.

கியர் விகிதத்தில் மட்டும் நான் மனம் மாறினேன். 4.10 போட்டதற்குக் காரணம் எல்லாரும் போட்டார்கள். சூப்பர்சார்ஜர் உள்ள காருக்கு அது வீண். முதல் கியர் போட்ட மாத்திரத்தில் முடிந்துவிடும். இப்போது 3.55. நெடுஞ்சாலையில் 110இல் எஞ்சின் சுற்று 2,350இல் இருந்து 2,040க்கு இறங்கியது. பினியனும் கொஞ்சம் பருத்தது, பல்லும் கூட. அக்ஸிலுக்குப் போகும் சுமையும் அந்த அளவுக்குக் குறைந்தது. கால் மைலில் நேரம் கூடவில்லை.

புதுக் கியருக்கு முதல் சில நாள் பொறுமை வேண்டும். இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன். 800 கிலோமீற்றரில் எண்ணெயை மாற்றினேன். காந்தத்தில் ஒட்டியிருந்தது மெல்லிய சாம்பல் பசை மட்டும்; துண்டு துணுக்கு இல்லை. மாமா விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அதுதான் பாராட்டு.

இன்னும் ஒன்று மிச்சம். பின் கியர் 2.73இல் இருந்து 3.55 ஆனதால் ஸ்பீடோமீற்றர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறையக் கூட்டிக் காட்டுகிறது. 100இல் போகும்போது முள் 130இல் நிற்கும், பக்கத்தில் இருக்கிற மனைவி கையை இறுக்கிப் பிடிப்பார். அதைச் சரியாக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் 20 டொலர்கூட வராது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.