மோதிர விரலும் வேண்டுமா?

கிட்டாரைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால்தான் மீட்டுகிறேன். மோதிர விரலையும் பழக்கியே ஆக வேண்டுமா?

பாடலுக்குத் துணையாக வாசிக்க மூன்றே தாராளம். அமெரிக்காவின் மெர்ல் டிராவிஸ் பெரும்பாலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டால்தான் வாசித்தார். அவர் பெயரிலேயே ஒரு பாணி நிலைத்துவிட்டது. கிளாசிக்கல் பக்கம் ஆசை இருந்தால் மட்டும் மோதிர விரலை இன்றே சேர்த்துக்கொள்ளுங்கள். 6, 5, 4-ஆம் தந்திகள் கட்டைவிரலுக்கு. 3 ஆள்காட்டிக்கு, 2 நடுவிரலுக்கு, 1 மோதிர விரலுக்கு. முதலில் அதன் ஒலி மட்டும் மெலிந்து கேட்கும். பயப்படாதீர்கள், மெதுவாக வாசிக்க வாசிக்கத் தேறிவிடும். விரல் எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்று: ஒரே தந்தியில் வேகமான ஸ்வரங்கள் வந்தால் ஒரே விரலை அடுத்தடுத்துப் பயன்படுத்தாதீர்கள், கை இறுகிவிடும். ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றி மீட்டுங்கள்.